கொடி ரோஜாவை வைத்துக்கொள்வதா, எடுப்பதா? பெங்களூரு வீட்டுக்கு ஆறு பூங்கொடிகள், ஓர் ஒப்பீடு

பெங்களூரின் பழைய குடியிருப்புகளில் நடந்தால் கொடி ரோஜா கண்ணில் படாமல் போகாது. இதய வடிவ இலை, கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்புப் பூ, பூக்கொத்தின் முனையில் சுருண்டு நிற்கும் பற்றுக்கம்பி. தாவரவியல் பெயர் ஆன்டிகோனான் லெப்டோபஸ், சொந்த ஊர் மெக்சிகோ. அழகுக்காக உலகெங்கும் கொண்டுபோகப்பட்ட இந்தக் கொடி ஹவாய், குவாம், ஃபுளோரிடா, கரீபியன் தீவுகள் என்று பல இடங்களில் தோட்டத்தைத் தாண்டிக் களையாகிவிட்டது. கரீபியனில் சின்ட் யூஸ்டேஷியஸ் என்ற குட்டித் தீவில், கைவிட்ட விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. இங்கேயும் காலி சைட், ரயில் பாதை ஓரம், ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) கரை என்று அது ஏறாத இடம் குறைவு.

இதைப் பற்றி வரும் கேள்விகள் மூன்று வகை. வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, எடுக்கலாமா என்பவர்கள் ஒரு பக்கம். புதிதாக வீடு கட்டிவிட்டு, சுவரை மறைக்க வேகமாக வளரும் கொடி தேடுபவர்கள் இன்னொரு பக்கம். வாடகை வீட்டு மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் மூன்றாம் பக்கம். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூவரும் பார்க்க வேண்டிய அளவுகோல்கள் ஒன்றேதான்.

## எதை வைத்து எடை போடுவது

எதைப் பிடித்து ஏறுகிறது. பற்றுக்கம்பியால் ஏறும் கொடிக்குக் கம்பியோ வலையோ வேண்டும். இல்லாவிட்டால் கேபிள் ஒயரைப் பிடிக்கும். தண்டே சுற்றிக்கொண்டு ஏறும் வகை தண்ணீர்க் குழாயை நெரிக்கும். நகம் வைத்துச் சுவரிலேயே ஒட்டும் வகை பூச்சைப் பெயர்க்கும். முல்லை, காகிதப்பூ போன்றவை சாய்ந்து படர்வதோடு சரி. நாம்தான் கட்டிவிட வேண்டும்.

எப்படிப் பரவுகிறது. விதையாலா, கிழங்காலா, பக்கக் கன்றாலா? கொடி நிற்கும் இடத்துக்கும் அருகிலுள்ள மோரிக்கும் (தெருச் சாக்கடைக்கும்) எவ்வளவு தூரம்? பெங்களூரில் தெரு மோரித் தண்ணீர் ராஜகாலுவேக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போகிறது. மிதக்கும் விதையுள்ள செடிக்கு அது இலவச வாகனம்.

இரண்டாம் வருஷத்து வேலை. முதல் வருஷம் எல்லாக் கொடியும் சாதுதான். கவாத்து, குப்பை, ஏணி, ஆள்கூலி எல்லாம் இரண்டாம் மழைக்குப் பிறகே ஆரம்பிக்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை தண்ணீர். அந்த நாலு மாதமும் மழை அனேகமாக இருக்காது. டேங்கர் வாங்கும் வீட்டுக்கு இந்த ஒரு அளவுகோலே முடிவைச் சொல்லிவிடும்.

பூ எதற்கு ஆகும். தலைக்கு, சாமிக்கு, அல்லது பார்க்க மட்டும். நம் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. வருஷம் முழுக்கக் கொடியைப் பராமரித்துவிட்டு வெள்ளிக்கிழமை தோறும் முழம் கணக்கில் பூ வாங்குகிறவர்கள் உண்டு.

எடுக்க வேண்டி வந்தால் என்ன செலவு. நர்சரியில் யாரும் இதைக் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. வீடு விற்கும்போது, பெயின்ட் அடிக்கும்போது, சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) சுத்தம் செய்யும்போது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரும்போது கொடியை எடுத்தாக வேண்டும். ஒரே நாளில் வெட்டி எடுத்தால் முடிகிற கொடியும் உண்டு, இரண்டு மழைக்காலம் துரத்திக்கொண்டே இருக்க வேண்டிய கொடியும் உண்டு. ஆறு அளவுகோலில் இதற்கே அதிக எடை தர வேண்டும். கொடி ரோஜா தண்ணீர் போன்றவற்றில் நன்றாக மதிப்பெண் வாங்கினாலும் இதில் தோற்கிறது.

## கொடி ரோஜா: வைத்துக்கொள்வதானால்

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வேர் பிடித்துவிட்டால் வறட்சியில் தண்ணீர் கேட்காது. செம்மண், கட்டட இடிபாடு கலந்த மண், எதிலும் வரும். ஒரே பருவத்தில் காம்பவுண்ட் சுவரை மூடும். பூ இருக்கும்வரை தேனீக்கள் மொய்க்கும். தேனீ வளர்ப்பவர்கள் இதைக் கைவிடத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. கன்றுக்குக் காசு செலவழிக்க வேண்டியதும் இல்லை, யார் வீட்டிலிருந்தாவது வந்துவிடும்.

இனி மறுபக்கம். மண்ணுக்கடியில் கிழங்கு வைக்கும். மேலே எத்தனை முறை வெட்டினாலும் கிழங்கிலிருந்து துளிர்க்கும். தோண்டும்போது உடைந்த துண்டும் தனிச்செடியாகும். பூ முடிந்ததும் இதழுறை உதிராமல் காகிதம்போலக் காய்ந்து, முக்கோணமான ஒரு சின்னக் கொட்டையை மூடிக்கொண்டு நிற்கும். கொத்தை விரலால் அழுத்தினால் உள்ளே கொட்டை தட்டுப்படும். காய்ந்த அந்த உறைதான் விதையைத் தண்ணீரில் மிதக்கவிடுகிறது. சுவரோரத்தில் உதிர்ந்தது முதல் பெருமழையில் மோரிக்குப் போய்விடும்.

ஆகவே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல மூன்று நிபந்தனைகள் உண்டு. சொந்த வீடாக இருக்க வேண்டும். கொடியின் உச்சி, ஆறடி ஏணியில் நின்றால் கைக்கு எட்ட வேண்டும். ஒட்டினாற்போல் ராஜகாலுவேயோ, ஏரிக்கரையோ, காலி சைட்டோ, திறந்த மோரியோ இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் எடுத்துவிடுவது மேல்.

மூன்றும் இருக்கிறதா? அப்படியானால் வேலை இது:

- பூக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நிறம் வெளிறத் தொடங்கிய கொத்துகளை வெட்டி எடுக்க வேண்டும். பழுப்பாகிவிட்டால் தாமதம், விதை முற்றியிருக்கும்.
- ஜனவரிக் கடைசியில் தரையிலிருந்து மூன்றடி விட்டு முழுக் கவாத்து.
- அடித்தண்டைச் சுற்றி ஐந்தடி வட்டத்தில் மாதம் ஒருமுறை புதுத் துளிர் பார்த்துப் பிடுங்குவது.
- மொட்டை மாடி மழைநீர்க் குழாயின் வாய்க்கு ஒரு வலைமூடி. காய்ந்த பூ அடைத்துக்கொண்டால் கூரையில் தண்ணீர் தேங்கும், கசிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

தொட்டியில் வைத்தால் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. கிழங்கு தொட்டிக்குள் நிற்கலாம், ஆனால் வேர் அடித்துளை வழியே மண்ணைத் தேடி இறங்கும். விதையைத் தொட்டி தடுக்காது. தொட்டியை மண்ணில் வைக்காமல், சிமென்ட் தளத்தில் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். வெள்ளைப் பூ வகை சாது என்று விற்பார்கள். அதுவும் இதே செடிதான், இதே கிழங்குதான்.

## கொடி ரோஜா: எடுப்பதானால்

நேரம் முக்கியம். பிப்ரவரி முதல் மார்ச் நடுவரை தோதான காலம். மண் காய்ந்திருக்கும், ஏப்ரல் மழை இன்னும் வந்திருக்காது, கிழங்கின் எந்தத் துண்டு தப்பியது என்பதை அந்த மழையே காட்டிக்கொடுத்துவிடும். ஜூலையில் தோண்டினால் உடைந்த துண்டெல்லாம் ஈர மண்ணில் சுகமாக முளைக்கும்.

1. தரையிலிருந்து ஓர் அடி விட்டுத் தண்டுகளை வெட்டுங்கள். அந்த அடித்தண்டு கிழங்கு இருக்கும் இடத்துக்கு அடையாளம். மேலே உள்ளதை உடனே இழுக்காதீர்கள். பத்து நாள் விட்டால் இலை காய்ந்து பிடி தளரும், சுவர்ப் பூச்சுக்கும் ஒயருக்கும் சேதம் குறையும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரில் சுற்றியிருந்தால் கை வைக்க வேண்டாம், பெஸ்காம் (மின்வாரிய) லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

2. தோண்டுவதற்கு முந்தின சாயங்காலம் நாலு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த செம்மண்ணில் கடப்பாரை போட்டால் கிழங்கு நொறுங்கும். அடித்தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாகத் தொடங்கி உள்நோக்கித் தோண்டுவதுதான் முறை. நேராகத் தண்டின் மேல் கடப்பாரையை இறக்கினால் கிழங்கு பிளந்து நாலாகும். வேர் போகும் வழியிலேயே கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எடுத்த மண்ணைச் சல்லடையில் சலித்து, விரல் நுனி அளவு கிழங்கையும் பொறுக்குங்கள். பழைய புதராக இருந்தால் இரண்டு ஆளுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும்.

3. அஸ்திவாரத்தை ஒட்டியோ, சேம்பர் (கழிவுநீர்க் குழாய்த் தொட்டி), சம்ப் பக்கத்திலோ இருந்தால் தோண்டக் கூடாது. அங்கே ஒரே வழி பட்டினி போடுவது. துளிர் ஒரு சாண் உயரம் வருவதற்குள், அதாவது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தரை மட்டத்தில் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இலை விரிந்து உணவு தயாரித்துக் கிழங்குக்கு அனுப்பவிடாமல் செய்தால் சேமிப்பு தீர்ந்து கிழங்கு சாகும். நடுவில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

4. மருந்து விஷயம். வெட்டின தண்டின் வாயில் உடனே கிளைபோசேட் தடவுவது பல நாடுகளில் வழக்கம். இந்தியாவில் 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவின்படி, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். வீட்டுக்காரர் கடையில் வாங்கித் தானே அடிப்பது இதில் அடங்காது. கல்லுப்பு, ஆசிட், டீசல் ஊற்றச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். உப்பு மண்ணைக் கெடுத்துச் சுவரில் ஏறும், ஆசிட் சிமென்ட்டைத் தின்னும், கிழங்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

5. எடுத்ததை எங்கே போடுவது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். காலி சைட்டில் வீசினால் அங்கே ஒரு தோட்டம் வைத்ததாக அர்த்தம். உரக்குழியிலும் போடாதீர்கள். கிழங்குகளை மொட்டை மாடியில் வெறும் தளத்தில் பரப்பி, வெட்டினால் உள்ளே ஈரமில்லாத அளவுக்குக் காயவிடுங்கள். காய்ந்த பூக்கொத்துகளைத் தனியே கறுப்புப் பையில் கட்டி, தோட்டக் கழிவு எடுக்கும் வண்டியில் கொடுங்கள்.

மண்ணில் ஏற்கெனவே விழுந்த விதை அடுத்த இரண்டு மழைக்காலம் முளைக்கும். நாற்று சிறியதாக இருக்கும்போதே பிடுங்கினால் கிழங்கு இல்லாமல் வரும். அதைத் தள்ளிப்போட்டால் மறுபடி கடப்பாரை.

ஒரு கவலை நியாயமானது: எடுத்துவிட்டால் தேனீ எங்கே போகும்? எடுப்பதற்கு முன்பே துளசி, சங்குப்பூ, அவரை என்று இரண்டு மூன்று தொட்டி வைத்துவிடுங்கள். அந்த அளவு பூ கிடைக்காது என்பது உண்மை, ஒன்றும் இல்லாமல் போகாது.

## முல்லையும் பிச்சியும்

மறைப்புக்கு அல்ல, பூவுக்கு என்றால் முதல் தேர்வு முல்லைதான். நம் மண்ணின் செடி, கிழங்கு கிடையாது, எடுக்க வேண்டுமானால் ஒரு காலைப் பொழுதில் வேரோடு எடுத்துவிடலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பாரிமுல்லை கிடைத்தால் அதையே கேளுங்கள். முல்லையை வாட்டும் முடிச்சுச் சிலந்திப்பேனை ஓரளவு தாங்கும்.

இடம்: குறைந்தது ஆறு மணி நேர வெயில். இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சந்தில் வைத்தால் இலை மட்டுமே வரும். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய சாணம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தொட்டியென்றால் பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாமல். முல்லைக்கு ஜனவரிக் கடைசியில், பிச்சிக்கு டிசம்பர் கடைசியில் கவாத்து. முல்லையைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்ட மனசு வராது. வெட்டாவிட்டால் பழைய குச்சியில் பூ குறைந்துகொண்டே போகும்.

மறைமுகச் செலவு என்றால் கவனம்தான். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றால் இளம் இலை நரம்பு பச்சையாகவும் மற்றது மஞ்சளாகவும் மாறும். இரும்புச் சத்து எடுக்க முடியாத அறிகுறி. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் கரைத்து மாதம் ஒருமுறை சாயங்காலம் தெளித்தால் தேறும். மொட்டில் ஊதா நிறம் ஏறி உள்ளே ஓட்டை இருந்தால் மொட்டுப்புழு. பாதித்த மொட்டைப் பறித்து அழிப்பது மருந்தைவிட மேல், தலைக்கு வைக்கும் பூ அல்லவா.

இன்னொன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மதுரை வெயிலில் பூப்பதுபோல் இங்கே பூக்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை குளிரில் ஏறக்குறைய ஓய்வுதான். சுவரை முழுக்க மூடவும் மூடாது.

## மைசூர் துன்பர்ஜியா

துன்பர்ஜியா மைசோரென்சிஸ், தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடி. மஞ்சளும் அரக்குச் சிவப்புமாகப் பூச்சரம் ஒன்றரை அடி, இரண்டடி என்று நேராகக் கீழே தொங்கும், தேன்சிட்டுகள் வரும். பெங்களூரின் உயரமும் மிதமான வெயிலும் இதற்குப் பொருந்தும். நகரத் தோட்டங்களில் குச்சியிலிருந்துதான் பெருக்குகிறார்கள்; விதை விழுந்து பரவும் தொல்லை இல்லை.

ஆனால் இது சுவர்க் கொடி இல்லை, பந்தல் கொடி. பூச்சரம் தொங்குவதற்குக் கீழே காலியிடம் வேண்டும். பந்தல் ஒன்பது அடிக்குக் குறைந்தால் தலையில் இடிக்கும். ஈரமான கொடியின் கனம் அதிகம், ஆகவே மூங்கில் கட்டிவிட்டு இரண்டாம் மழையில் சாய்ந்ததென்று வருந்தக் கூடாது. ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய், கான்கிரீட்டில் ஊன்றிய கால், மேலே ஓர் அடி இடைவெளியில் கம்பி. இந்தப் பந்தல்தான் உண்மையான செலவு, கன்று விலை அதில் காலணா.

டிசம்பர் முதல் மே வரை வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் வேண்டும். கார் நிற்கும் போர்ட்டிகோ மேல் வைத்தால் தேனும் பூவும் காரின் மேல் விழும், எறும்பு வரும். எடுப்பது சுலபம்: அடியில் வெட்டி வேரைத் தோண்டினால் முடிந்தது, கிழங்கைத் தேடும் வேலை இல்லை.

நர்சரியில் ஓர் எச்சரிக்கை. "துன்பர்ஜியா" என்று கேட்டால் நீலப் பூ துன்பர்ஜியா கிராண்டிஃபுளோராவைக் கொடுத்துவிடுவார்கள். பூ இல்லாத நாளில் இலையைப் பாருங்கள். மைசூர் வகையில் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். நீல வகையில் அகலமாக, அடி இதயம்போல், ஓரம் கோணல் கோணலாக இருக்கும். நீல வகைக்கும் பெரிய கிழங்குவேர் உண்டு. வடகிழக்கு இந்தியாவில் இயல்பாக வளரும் செடி என்றாலும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காடுகளில் மரங்களைப் போர்த்தி வீழ்த்தும் களை அது. கொடி ரோஜாவை எடுத்துவிட்டு இதை வைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

## ரங்கூன் மல்லி

சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஜா நிறமாகி, பிறகு சிவக்கும் பூ, இரவில் வாசனை. அபார்ட்மென்ட் வாசல் வளைவுகளில் இதை வைக்கக் காரணம் புரிகிறது. ஆனால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் தொடர்ந்து கிளம்பும். இலை உதிர்ந்தபின் காம்பின் அடிப்பகுதி காய்ந்து கொக்கிமுள்ளாக நிற்கும். கையுறை இல்லாமல் கவாத்து செய்தால் முழங்கை வரை கீறல். ஃபுளோரிடாவிலும் வட ஆஸ்திரேலியாவிலும் இதுவும் தோட்டத்தைத் தாண்டிய செடிதான். கிழங்கு இல்லாததால் கொடி ரோஜாவைவிட எடுப்பது எளிது, முல்லையைவிடக் கடினம். வருஷத்துக்கு இரண்டு முறை ஆள் வைத்து வெட்ட வசதியுள்ள, தாங்குதிறனுள்ள இரும்பு வளைவு இருக்கிற இடத்துக்கு மட்டும்.

## காகிதப்பூ

தண்ணீரைக் குறைத்தால் அதிகம் பூக்கும் கொடி. டேங்கர் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இங்கே விற்கும் ஒட்டுக் கலப்பு வகைகளில் விதை பிடிப்பது அரிது. கேட் ஓரம், தெற்கு, மேற்குச் சுவர் என்று நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். நிழலில் முள்ளும் இலையும் மட்டும் வரும். தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: தினமும் தண்ணீரும் தழைச்சத்து உரமும் கொடுத்துவிட்டு பூ வரவில்லை என்பது. உதிரும் காகித இதழ்கள் பக்கத்து வீட்டு வாசலுக்குப் பறக்கும். அதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. முள் இருப்பதால் குழந்தைகள் ஓடும் நடைவழிப் பக்கம் வேண்டாம்.

## சங்குப்பூ

வாடகை வீட்டுக்கு இதுதான். விதையை ஓர் இரவு ஊறவைத்துப் பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் மூன்று போட்டால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். மெல்லிய தண்டு, நைலான் கயிறே போதும். நீலம், வெள்ளை இரண்டும் சாமிக்கு ஆகும். அவரை இனம் என்பதால் வேர் முடிச்சு வழியே தழைச்சத்தை அதுவே சேர்த்துக்கொள்ளும். உரச் செலவு கிட்டத்தட்ட இல்லை. வீடு மாறும்போது தொட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம், அல்லது நாலு காய் மட்டும் பையில் போட்டுக்கொள்ளலாம். நெற்று வெடித்து விதை சிதறும் என்பதால் பச்சை மாறும்போதே பறிக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் அடி மொட்டையாகிவிடும், அப்போது புதிதாகப் போடுங்கள்.

## ஒரே பார்வையில்

| கொடி | பரவும் வழி | கோடைத் தண்ணீர் | இரண்டாம் வருஷ வேலை | பூ எதற்கு | எடுப்பது |
|---|---|---|---|---|---|
| கொடி ரோஜா | மிதக்கும் விதை, கிழங்கு | மிகக் குறைவு | இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொத்து வெட்டுதல் | பார்க்க, தேனீக்கு | இரண்டு மழைக்காலம் |
| முல்லை, பிச்சி | தானாகப் பரவாது | நடுத்தரம் | ஆண்டுக் கவாத்து, பூச்சிக் கவனம் | தலைக்கு, சாமிக்கு | ஒரு காலை |
| மைசூர் துன்பர்ஜியா | தொல்லை இல்லை | அதிகம் | பந்தல் கவாத்து | பார்க்க, தேன்சிட்டுக்கு | ஒரு நாள் |
| ரங்கூன் மல்லி | பக்கக் கன்று | நடுத்தரம் | ஆண்டுக்கு இரு கவாத்து | வாசனைக்கு | சில மாதக் கண்காணிப்பு |
| காகிதப்பூ | அரிது | குறைவு | கவாத்து, இதழ்க் குப்பை | பார்க்க | ஒரு நாள், கையுறையோடு |
| சங்குப்பூ | சிதறும் விதை | நடுத்தரம் | நெற்று பறித்தல் | சாமிக்கு | ஐந்து நிமிஷம் |

பட்டியலில் சேர்க்காமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்ச்சை ஒட்டி மஞ்சள் போர்வையாகப் பூத்து, கட்டடச் சுவரில் நேராக ஏறும் பூனைநகக் கொடி. ஒவ்வொரு இலையின் நுனியிலும் மூன்று கொக்கி. சிமென்ட் பூச்சு, பெயின்ட், மரப்பட்டை எதையும் விடாது. இழுத்தால் பூச்சும் சேர்ந்து வரும். இதற்கும் கிழங்கு உண்டு, இறகுள்ள விதை காற்றில் பறக்கும். ஆஸ்திரேலியா 2012-இல் இதைத் தேசிய அளவிலான களைப் பட்டியலில் சேர்த்தது. படத்தைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள்.

உள்நாட்டுச் செடி என்றாலே பாதுகாப்பு என்றும் இல்லை. நம் மாதவிக் கொடி, அதாவது குருக்கத்தி, இங்கே இயல்பான காட்டுக் கொடி. ரீயூனியன் தீவில் காட்டையே அழுத்துகிறது; உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. பெங்களூரில் வைப்பதில் தப்பில்லை, ஆனால் மரம் அளவு தடிக்கும் கொடி. முப்பதுக்கு நாற்பது அடி சைட்டுக்குத் தாங்காது.

## எந்த வீட்டுக்கு எது

ராஜகாலுவே, ஏரி, காலி சைட் ஒட்டிய வீடு: கொடி ரோஜா இருந்தால் எடுத்துவிடுங்கள், விவாதம் வேண்டாம். வெயில் சுவருக்குக் காகிதப்பூ.

முப்பதுக்கு நாற்பது சைட்டில் கிழக்கு, தெற்கு வெயில் உள்ள முன்வாசல்: முல்லை. மறைப்பும் வேண்டுமென்றால் முல்லைக்குப் பின்னால் கம்பி வலை போட்டு சங்குப்பூவை ஏற்றுங்கள். கம்பியைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் பொருத்தினால் காற்று போகும், பெயின்ட் அடிக்கவும் இடம் இருக்கும்.

பெரிய போர்ட்டிகோ, கிணறோ நல்ல போர்வெல்லோ உள்ள வீடு: மைசூர் துன்பர்ஜியா.

வாடகையோ லீஸோ: சங்குப்பூ, கூடவே ஒரு தொட்டி முல்லை. பதினெட்டு அங்குலத் தொட்டி ஈர மண்ணோடு ஓர் ஆளின் எடை இருக்கும். தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் கோட்டின் மேல் வையுங்கள். ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை, பிற்பாடு அட்வான்ஸில் கழிக்காமலும் இருப்பார்.

அபார்ட்மென்ட் பொதுச்சுவர்: வெட்டும் பொறுப்பு யாருடையது என்று சங்கக் கூட்டத்தில் எழுதி வைத்தபிறகே எந்தக் கொடியும். எழுத ஆள் இல்லையென்றால் காகிதப்பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொடி ரோஜாவை எடுத்த குழியில் உடனே புதுக்கன்று நடுவதுதான் கடைசியாக நடக்கும் தவறு. புதுக்கொடியின் வேருக்கு நடுவே பழைய கிழங்கு துளிர்த்தால் ஒன்றைக் கெடுக்காமல் மற்றதைத் தோண்ட முடியாது. பிப்ரவரியில் எடுத்த குழியை ஏப்ரல், மே மழைக்கு வெறுமனே திறந்து விடுங்கள், கன்று அதுவரை தொட்டியில் வளரட்டும். ஜூன் கடைசியில் பின்னோக்கிப் பார்த்து நாலு வாரம் தொடர்ந்து ஒரு துளிரும் வரவில்லையென்றால் நடலாம். வந்திருந்தால் கன்று அடுத்த ஜூன் வரை தொட்டியிலேயே இருக்கட்டும்.